ஒன்பதில் ஒரு துண்டு

1984-ல் எங்கள் தெருவில் நைக்ரோம் என்ற பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கம்பியைப் பார்க்காதவர் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டோரத்து எலெக்ட்ரிக் கடையில் ஓர் ஆணியில் கொத்தாகத் தொங்கும், பேனா ரீஃபில் பருமனில் சுருண்ட வெள்ளி ஸ்பிரிங். "அடுப்புக் காயில்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சுட்ட மண் தட்டின் பள்ளத்தில் அதை வளைத்துப் பதித்து, இரண்டு முனைகளையும் ஸ்குரூவில் முடுக்கினால் அடுப்பு தயார். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்ற காலம். சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்கு அறை எடுத்திருந்த பிரம்மச்சாரிகள் பலருக்கு அந்த அடுப்பில்தான் சோறு வெந்தது. காயில் அறுந்தால் அறுந்த இடத்தை முறுக்கிச் சேர்த்து இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடைக்கு உட்கார்ந்திருந்த எங்கள் கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. கூடையில் இருந்த முட்டைகள் விடிவதற்குள் சில்லிட்டு, எல்லாம் கூமுட்டை. அம்மா அவற்றை எருக்குழியில் புதைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று வந்தது.

அப்பா தாம்பரம் ரயில்வே கார் ஷெட்டில் ஃபிட்டர். பெட்டி செய்ய மரப்பலகை கொடுத்தார், இரட்டைச் சுவருக்கு நடுவில் உமி அடைக்கச் சொன்னார். ஒரு நிபந்தனையும் போட்டார். முட்டைக்கு ஈரப்பதம் வேண்டும், பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் இருந்தே ஆகும். தண்ணீர் இருக்கிற பெட்டிக்குள் 230 வோல்ட் போகக் கூடாது. "12 வோல்ட்டுன்னா செய். இல்லேன்னா பெட்டியை உடைச்சு அடுப்புல வெச்சிடுவேன்" என்றார். ஷெட்டில் கம்பிக்கா பஞ்சம், ஒரு துண்டு கொண்டு வாருங்கள் என்று கெஞ்சினேன். "அது கவர்ன்மென்ட் கம்பிடா" என்றதோடு பேச்சு முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டணம் அழைத்துப் போனார். மீட்டர் கேஜ் ரயிலில் தாம்பரம் வந்து, வண்டி மாறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். எதிரே மூர் மார்க்கெட். பழைய புத்தகம், கிராமஃபோன் தட்டு, கூண்டில் அடைத்த முயல் எல்லாவற்றுக்கும் நடுவே ஒருவர் கோணிச் சாக்கில் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பரப்பி வைத்திருந்தார். 12 வோல்ட், 3 ஆம்பியர். "எதுக்கு?" என்று கேட்டார். முட்டை பொரிக்க என்றதும் சிரிக்கவில்லை. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். "அது ரேடியோவுக்கு ஆகும். நாள் முழுக்க ஓட்டினா காந்திப் போயிடும். இதை எடுத்துக்கோ." அடுத்த வருஷம் மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. திருவள்ளூர் வண்டிக்காக அங்கே காத்திருக்கும்போதெல்லாம் அந்தச் சாக்கு விரித்திருந்த இடம் எது என்று தேடிப் பார்ப்பேன்.

ஊருக்குத் திரும்பி 1000 வாட் அடுப்புக் காயில் ஒன்று வாங்கினேன். முழுக் காயிலையும் 12 வோல்ட்டில் மாட்டினேன். சூடே இல்லை. அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் வெயிலில் கிடந்த கம்பி அளவுக்குத்தான் வெதுவெதுப்பு. காயில் சரியில்லை என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணன் வாங்கி, இழுத்துப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு. எதுக்குடா தம்பி?" என்றார்.

சொன்னேன். சிகரெட் அட்டை ஒன்றைக் கிழித்து அதன் பின்புறம் எழுதினார். அந்தக் கணக்கை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்ததில் பாதி அந்த அட்டையிலேயே இருந்தது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 52.9. அதுதான் காயிலின் தடை, ஏறக்குறைய 53 ஓம். இப்போது 12-ஐ 12-ஆல் பெருக்கு, 144. அதை 53-ஆல் வகு. 2.7 வாட். ஆயிரம் வாட் அடுப்பு மூன்று வாட்டுக்கும் கீழே போய்விட்டது. வோல்ட் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தால் சூடு நானூறில் ஒரு பங்காகும் என்பது பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பெரிய அதிர்ச்சி. கம்பியில் குறை இல்லை, நீளம்தான் அதிகம்.

"இதை ஒன்பதா வெட்டு" என்றார் அண்ணன். ஒரு துண்டு 6 ஓம். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடும், 24 வாட் கிடைக்கும். "சிவக்காது, ஆனா விரல் வெச்சா பொசுக்கும். உன் பெட்டிக்கு அது போதும்." ஈயம் வைத்துப் பற்றவைக்கப் பார்க்காதே, இந்தக் கம்பியில் ஈயம் ஒட்டாது என்று பீங்கான் கனெக்டர் ஒன்றைக் கையில் திணித்தார். ஏற்கெனவே சிவந்து எரிந்த காயிலாக இருந்தால் வளைக்காதே, ஒடிந்துவிடும், புதுசை மட்டும் வெட்டு என்றார். வாடிக்கையாளர் இரண்டு பேர் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர்களும் கணக்கைப் பார்த்தார்கள்.

மீதி எட்டுத் துண்டுகளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போயின.

பக்கத்து வீட்டு ஆயா பன்னிரண்டு முட்டை கொடுத்தார். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று ஓர் இரும்பு ஆணியும் அடுப்புக்கரித் துண்டும் பெட்டிக்குள் வைத்தே தீர வேண்டும் என்றார். அப்பா மறுப்புச் சொல்லவில்லை. ஆணி காயிலில் படாதபடி மூலையில் ஒரு கொட்டாங்குச்சிக்குள் வைத்தார்.

சூட்டைத் தானாக நிறுத்தித் தானாகப் போடும் கருவி எதுவும் எங்களிடம் இல்லை. காற்றாடி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். ஏறிய பாதரசம் தானாக இறங்காது, ஒவ்வொரு தடவையும் உதறிவிட்டு வைக்க வேண்டும். பகலில் நான் பார்த்தேன். ராத்திரி அம்மா. முதல் நாள் பெட்டிப் பக்கமே வரமாட்டேன் என்றவள், மூன்றாம் நாள் தலைமாட்டிலேயே பெட்டியை வைத்துப் படுத்தாள். இருட்டில் சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்கும். "நூத்தி ரெண்டு இருக்குடா, கொஞ்சம் அணைச்சு வெக்கிறேன்" என்பாள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது பேசிய அதே குரலில். கரண்ட் போன ஒரு ராத்திரி, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து விடியும்வரை மாற்றிக்கொண்டே இருந்தாள். முட்டைகளில் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். நாளைக்கு மூன்று தடவை திருப்பினோம், பதினெட்டாம் நாள் நிறுத்தினோம். இருபத்தோராம் நாள் காலையில் ஐந்து ஓடுகள் கீறின. பன்னிரண்டில் ஐந்து குறைவுதான், பெட்டியின் சூடு நிலையாக நிற்கவில்லை. ஆனால் கடைக்கார அண்ணன் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து பார்த்தார்.

நாற்பது வருஷம் கழித்து, இப்போது ஏழாவது படிக்கும் என் மகள் அதே பெட்டியைச் செய்ய ஆசைப்பட்டாள். அவளுக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி. 12 வோல்ட் அடாப்டர். தீப்பெட்டி அளவில் டபிள்யூ1209 என்ற தெர்மோஸ்டாட் போர்டு, 37.5 டிகிரி செல்சியஸ் என்று வைத்துவிட்டால் அதுவே காயிலை அணைத்து ஏற்றும். கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய சின்ன ஃபேன் காற்றைச் சுழற்றும். காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இங்கிருந்து நாலைந்து ஸ்டேஷன் தூரம்கூட இல்லை. கோழி வளர்ப்பில் சந்தேகம் என்றால் கேட்க ஆள் உண்டு. கருக்கூடிய முட்டை மட்டும் கடையில் கிடைக்காது, பண்ணை முட்டைக்குச் சேவலே இல்லை. அதற்குத் திருத்தேரி பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கும் ஒரு வீட்டைப் பிடித்தோம்.

கம்பிதான் கிடைக்கவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் மூன்று கடை ஏறினேன். பழைய கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. முதல் கடையில் இண்டக்‌ஷன் அடுப்பைக் காட்டினார்கள். இரண்டாவதில் வெந்நீர் போடும் ராடு இருந்தது. அதன் காயில் குழாய்க்குள் மூடிக் கிடக்கும், வெட்ட முடியாது. மூன்றாவது கடைப் பையன் "காயில்னா கொசுவத்தியா சார்?" என்றான். அவன் மேல் தவறில்லை, அவன் பிறந்தபோதே அந்த ஆணி காலியாகியிருக்கும். மறைமலைநகர் முதல் ஒரகடம் வரை எத்தனை உலைகளில், எத்தனை சூளைகளில் இந்தக் கம்பி சிவந்துகொண்டிருக்கிறது! அத்தனை தொழிற்சாலைக்கு நடுவே ஒரு முழம் கம்பி கேட்க எனக்கு ஒரு கதவு தெரியவில்லை.

ஆன்லைனில் போட்டேன். இரண்டே நாளில் வாசலுக்கு வந்தது ஐந்து மீட்டர் சுருள். 'நைக்ரோம் 80/20, 26 கேஜ்' என்று லேபிள். அந்தக் கேஜ் நைக்ரோம் மீட்டருக்கு ஆறரை ஓம் சொச்சம் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் எட்டரை காட்டியது. மகள் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தாள், கம்பி துள்ளிப் போய் ஒட்டியது. நூற்றுக்கு எண்பது பங்கு நிக்கலும் இருபது பங்கு குரோமியமும் கலந்த நைக்ரோம் காந்தத்தில் ஒட்டாது. இது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த வேறு இனம், ஸ்வீடனில் 1931-ல் காந்தால் என்ற பெயரில் வந்த வகை. மட்டமான கம்பி என்று சொல்ல மாட்டேன், நைக்ரோமைவிட அதிகச் சூடு தாங்கும். ஆனால் லேபிள் பொய் சொல்கிறது. விற்றவருக்கு எழுதினேன். பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு நொடியில் பதில் வந்தது. எதுக்கு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இன்ன கம்பி அனுப்பியிருக்கிறோம், இவ்வளவு நீளம் வெட்டுங்கள் என்று சொல்ல ஒரு வழி இருந்திருக்கும். அந்தக் கேள்வி இல்லாமல் போனதுதான் இந்த நாற்பது வருஷத்தில் எனக்கு உண்மையாகவே வலிக்கும் இழப்பு.

"எட்டரைன்னு தெரிஞ்சுபோச்சே அப்பா, அதை வெச்சு வெட்டினா போதாதா? 70 சென்டிமீட்டர்" என்றாள் மகள். அவள் சொன்னது சரி. ஆனாலும் மூன்று வாரம் அணையாமல் ஓடப்போகும் பெட்டிக்கு, பெயரே மாறி வந்த கம்பியை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் அதில் ஒரு துண்டை வெட்டி, ஸ்பேர் என்று எழுதி எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஸ்ரீபெரும்புதூர் போகும் ரோட்டில் ஒரு காயலான் கடை உண்டு. அவரிடம் பழைய டோஸ்டர் கேட்கத்தான் போனேன். அதற்குள் மைக்கா தகட்டில் நைக்ரோம் பட்டை சுற்றியிருக்கும். "காயிலா? இரு சார்" என்று உள்ளே போனவர், மூடிப்போன ஏதோ கடையின் சரக்கு மூட்டையிலிருந்து பழுப்பேறிய பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தூக்கி வந்தார். உள்ளே சுருண்ட வெள்ளி ஸ்பிரிங். 1000 வாட். ஒரு தடவைகூட சிவக்காத கம்பி. எனக்குக் கை நடுங்கியது.

"எதுக்கு சார் இது?" என்றார்.

சொன்னேன். அங்கேயே எடைத்தராசு மேஜை மேல் மகளை உட்காரவைத்து, 230-ஐ 230-ஆல் பெருக்கச் சொன்னேன். நைக்ரோமுக்கு 1906-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்றதையும், முதல் சூட்டிலேயே மேலே குரோமியம் ஆக்ஸைடு படலம் போர்த்திக்கொள்வதால் அது எரிந்து தீராமல் இருப்பதையும் சொல்லிக்கொண்டே போனேன். அவர் தகரத்தை எடைபோடுவதை விட்டுவிட்டுக் கேட்டார். 52.9 என்று அவள் எழுதியதும், "அப்போ ஒன்பது துண்டா?" என்று முந்திக்கொண்டு கேட்டவர் அவர்தான். காசு வாங்க மறுத்தார். மகள் வற்புறுத்தி ஒரு துண்டை அவரிடமே வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பெட்டி இப்போது ஹாலில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிவப்பு எண்ணில் 37.5, சில நேரம் 37.4. யாரும் விழித்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போய், மூடியின் கண்ணாடி வழியாகப் பென்சில் குறிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன். போன வாரம் அப்படிப் போனபோது என் எண்பது வயது அம்மா ஏற்கெனவே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "இதுல நூத்தி ரெண்டுன்னு எங்கடா காட்டும்?" என்றாள். 37.5 என்றால் தொண்ணூற்று ஒன்பதரை என்றேன். காற்றாடி சுற்றுவதால் அது போதும் என்று விளக்கினேன். நம்பிக்கை இல்லாமல் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

இன்றைக்குப் பதினெட்டாம் நாள். மகள் முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டாள். மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது. எடுத்தால் பின்னால் லாரி சத்தம், தகரம் விழும் சத்தம்.

"சார், காயலான் கடையிலேர்ந்து பேசுறேன். பொரிச்சுதா?"