பொருள்: எங்கள் முகங்களைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்: 1989ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவ மாணவியர் (தற்போது தாத்தா பாட்டிகளும் இதில் அடக்கம்).

பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள், எங்கள் ஊர் அரசு உதவி பெறும் மேல்நிலைப்பள்ளி.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் செட் ஒன்றுகூடுவதற்கு மண்டபம் பேசிவிட்டோம், சமையல்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. பந்திக்கு முன்னால் திரையில் பழைய படங்கள் ஓடவேண்டும் என்பது ஏற்பாடு. குறை ஒன்றுதான்: படம் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தோம். குட்மார்னிங் ரோஜாக்கள் வந்தன. ஒருத்தியின் அக்கா கல்யாண ஆல்பத்திலிருந்து, எங்களில் நாலு பேர் இலைக்கு மேல் குனிந்து ரசம் சாதம் பிசையும் காட்சி வந்தது, நாலும் உச்சந்தலை. வகுப்பு குரூப் போட்டோவும் ஒன்று வந்தது, நடுவே டியூப்லைட் ஒளி குறுக்கே ஓட. சட்டத்தைக் கழற்றி எடுடா என்று அனுப்பியவனிடம் சொன்னால், எத்தனையோ ஐப்பசி ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது, பிரித்தால் மூன்றாம் வரிசை முழுக்கக் கண்ணாடியோடு போய்விடும் என்கிறான். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறோம். மூன்றாம் வரிசைக்காரர்கள் பிரார்த்தனையில் இருக்கிறார்கள்.

ஆகவே பள்ளியையே நாடி வந்தோம். பியூன் அண்ணன் பெரிய மனது பண்ணி பீரோவைத் திறந்தார். அடடா, என்ன பராமரிப்பு! ஆண்டு விழா ஆல்பங்கள் வரிசையாக, அந்துருண்டை வாசத்தோடு. திறந்தால் சிறப்பு விருந்தினர் சால்வை வாங்குகிறார். அடுத்த பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றுகிறார். அதற்கடுத்த பக்கத்தில் கரஸ்பாண்டென்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஜூஸ் குடிக்கிறார். அந்தக் காலத்து கலர் பிரிண்ட் சாயம் மங்கி, எல்லாக் கட்சி விருந்தினர்களும் ஒரே செம்பு நிறத்துக்கு வந்துவிட்டார்கள். சமத்துவம் என்றால் இதுதான். அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளியில் உருவானவை, இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. அவற்றில் இருப்பவரும் வேறொரு விருந்தினரே.

மாணவர்கள்? இருக்கிறோம் ஐயா. விருந்தினரின் இடது தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிகிறது. அது யாருடையது என்று குழுவில் இரண்டு நாளாகச் சண்டை.

பள்ளிச் சுவரில் '100 சதவீதத் தேர்ச்சி' என்று எழுதிய பலகை இன்னும் இருக்கிறது. அந்த நூறைக் காப்பாற்ற எங்கள் வகுப்பிலிருந்து சிலரை ஒன்பதாவதிலேயே நிறுத்தினீர்கள். குரூப் போட்டோ எடுத்ததோ பத்தாவதில். அன்று பிரதிக்குக் காசு கட்ட முடியாமலும், போட்டுக்கொள்ளக் கிழியாத வெள்ளைச் சட்டை இல்லாமலும் லீவு போட்டவர்கள் வேறு. ஒன்றுகூடலுக்கு முதலில் பேர் கொடுத்தவர்கள் இவர்கள்தான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். பந்திச் செலவில் பாதியை ஏற்றிருப்பவர் ஒன்பதாவதில் நின்றவர். திரையில் அவரைக் காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை.

ஆனால் தங்களிடம் இருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டையும் டி.சி. அடிக்கட்டையையும் பள்ளி தூக்கி எறிவதில்லை என்று அறிவோம். முகத்தைப் படம் எடுக்காத பள்ளி, ஆளுக்கு இரண்டு அங்க அடையாளத்தை மட்டும் பொறுப்பாக எழுதி வைத்திருக்கிறது. ஆகவே கீழ்க்கண்டவாறு தீர்மானித்துள்ளோம்: படம் இல்லாதவர்களுக்குத் திரையில் பெயர், அதன் கீழே 'வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு'. சம்பந்தப்பட்டவர் மேடைக்கு வந்து சட்டைக் கையை மடக்கிக் காட்டுவார். கைதட்டுவோம். அந்தப் பக்கங்களின் நகல் தந்து உதவ வேண்டுகிறோம்.

மறுப்பீர்களானால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் கேட்கலாம் என்று எங்களில் வக்கீலானவன் சொல்கிறான். பதில் சொல்ல உங்களுக்கு 30 நாள் உண்டு. எங்கள் விழா அதற்குள் முடிந்து, பாத்திரமும் கழுவியிருக்கும். எனவே பாசத்தோடு கேட்கிறோம்.

விழாவுக்கு நீங்கள் அவசியம் வரவேண்டும். சால்வை வாங்கியாயிற்று, போட்டோகிராபரும் உண்டு. குரூப் போட்டோவில் உங்களுக்கு மூன்றாம் வரிசையில், பெஞ்சு மேல் இடம் ஒதுக்கியிருக்கிறோம். முன்வரிசை நாற்காலி ஒன்பதாவதில் நின்றவர்களுக்கு. பிரதி வேண்டுமென்றால் முன்பணம் கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
அந்தக் காதுக்கு உரிமை கோரும் அனைவரும்