டிசம்பர் பூ: பெயர்க்காரணமும் சில சட்டச் சிக்கல்களும்

பொழுது பார்த்துப் பெயர் வாங்கிய பூ நம்மிடம் உண்டு, அந்திமந்தாரை அவ்வகை. ஆனால் ஆங்கில மாதத்தை அப்படியே பெயராகச் சூடிக்கொண்டு தமிழ்ப் பின்னல்களில் ஏறியது டிசம்பர் பூ. ஏன் தமிழ் மாதம் கிடைக்கவில்லை? கார்த்திகைப் பூ என்ற பெயரைச் செங்காந்தள் முன்பே பிடித்துவிட்டது. மார்கழியோ டிசம்பர் பாதியில்தான் பிறக்கிறது. பூ அதுவரை பொறுப்பதில்லை. எனவே எல்லைத் தகராறைத் தவிர்க்க வெளியூர் மாதம் ஒன்று நடுவராக அழைக்கப்பட்டது என்பது நம் கருதுகோள். இதற்குச் சான்று இல்லை. மறுத்தவரும் இல்லை. ஆய்வுலகில் அது போதும்.

1753இல் லின்னேயஸ் இதற்கு இட்ட பெயர் பார்லேரியா கிரிஸ்டாட்டா. முன்பாதி ஒரு பிரெஞ்சுத் துறவியின் நினைவு. பின்பாதிக்குக் கொண்டையுடையது என்று பொருள். துறவியை விட்டுவிட்டுக் கொண்டையை மட்டும் பிடித்துக்கொண்ட நம் பெண்களின் லத்தீன் புலமை இதுவரை உரிய கவனம் பெறவில்லை.

இனி முக்கியச் சிக்கல். ஜனவரியிலும் பூக்கும் பூவை டிசம்பர் என்பது முறையா? முறைதான். டிசம்பர் என்ற சொல்லே லத்தீனில் பத்தாவது மாதத்தைக் குறிப்பது. பன்னிரண்டாவது இடத்தில் உட்கார்ந்துகொண்டு இன்றும் அதே பெயரில் ஓடுகிறது. மாதமே கணக்குத் தவறி நிற்க, பூவிடம் மட்டும் தேதி கேட்பது நியாயமாகாது. மேலும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இதன் குடும்பத்தைச் சேர்ந்ததே. அந்தச் சொந்தக்காரரைப் பார்க்க, இது எவ்வளவோ நேரந்தவறாத பூ.

மணமில்லை என்ற குற்றச்சாட்டை இங்கே விசாரிக்க இடமில்லை. அதே குடும்பத்துக் கனகாம்பரத்துக்கும் அதே குறை. அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. புடவைக்குப் பொருத்தமாக ஊதாவிலும் வெள்ளையிலும் ரோஸிலும் கிடைக்கும்போது மூக்கின் கருத்து எதற்கு?

எஞ்சியது ஜூன் மாதப் பிரச்சினை. பூவே இல்லாத அந்நாளில், “அக்கா, டிசம்பர்ல ஒரு குச்சி ஒடிச்சுத் தாங்களேன், நட்டு வைக்கணும்” என்று பக்கத்து வீட்டில் கேட்டால் குச்சி உடனே வருகிறது. காலண்டரைப் பார்த்தவர் எவருமில்லை. தை பிறந்த பிறகு பூக்காரம்மாவிடம் இந்த ஆய்வின் சுருக்கத்தை எடுத்துரைத்தேன். “முழம் வேணுமா, வேணாமா?” என்றார்.