எண்ணெயில் நீந்தும் எழுத்து

கேள்வி: ஜெராக்ஸ் மெஷினில் தூள்தானே போடுகிறார்கள்? திரவ டோனர் எங்கிருந்து முளைத்தது?

பதில்: ஆஸ்திரேலியாவில். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் முதல் ஜெராக்ஸ் பிரதியை எடுத்தபோது, கந்தகம் பூசிய தகட்டின் மேல் தூவியது உலர்ந்த தூளைத்தான். 1950-களில் ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் கென் மெட்காஃபும் சகாவும் அந்தத் தூளைத் திரவத்தில் கலக்கிப் பார்த்தார்கள். படம் பிரமாதமாக வந்தது.

கேள்வி: தண்ணீரில் கலக்கினால் செலவு மிஞ்சுமே?

பதில்: செலவு மிஞ்சும், படம் மிஞ்சாது. டோனர் படும்வரை தகட்டில் படமாக இருப்பது வெறும் மின்னூட்டம். குழாய்த் தண்ணீர் பட்டால் அது வடிந்துபோகும். அதனால் மின்சாரம் கடத்தாத எண்ணெய்தான் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு அது நாகரிகமான பங்காளி.

கேள்வி: தூளே ஒழுங்காக வேலை செய்யும்போது இந்த எண்ணெய்க் குளியல் எதற்கு?

பதில்: எல்லாம் பொடிசாக இருப்பதற்காக. உலர் டோனரின் துகள் சுமார் 5 முதல் 10 மைக்ரான். இன்னும் சிறிதானால் எழுத்தின் ஓரம் கூர்மையாகும், மெல்லிய கோடும் பிசிறில்லாமல் விழும். ஆனால் 1, 2 மைக்ரானுக்கு அரைத்துக் காற்றில் விட்டால், துகள் காகிதத்தை விட்டுவிட்டு ஆபரேட்டரின் நுரையீரலில் போய் உட்காரும். எண்ணெய்க்குள் பறக்க வழியில்லை, நீந்தத்தான் முடியும். துகளுக்கு மின்னூட்டம் தர ஒரு ரசாயனத்தைச் சேர்த்துவிடுவார்கள். பிறகு மின்புலம் இழுக்கும் பக்கம் அது தானே போகும். படியும் மை மிக மெல்லிசு என்பதால் காகிதத்தின் பளபளப்பும் கெடாது.

கேள்வி: இவ்வளவு சிறப்பென்றால் ஆபீஸ்களில் ஏன் காணோம்?

பதில்: இருந்ததே! 1970-களில் ரிக்கோ தயாரித்து, அமெரிக்காவில் சேவின் பெயரில் விற்ற காப்பியர்கள் திரவ டோனரில் ஓடியவை. விலை மலிவு. ஜெராக்ஸ் நிறுவனத்துக்குத் தலைவலி. ஆனால் ஒவ்வொரு பிரதியோடும் கொஞ்சம் எண்ணெய் ஆவியாகி அறைக்குள் வரும். பிரதியை மோந்து பார்த்துப் பாராட்டும் மேனேஜர் உண்டா?

கேள்வி: அப்படியானால் செத்த வித்தையா?

பதில்: இடம் மாறிய வித்தை. பென்னி லாண்டா 1977-ல் இஸ்ரேலில் தொடங்கிய இண்டிகோ நிறுவனம், 1993-ல் திரவ மையில் ஓடும் வண்ண டிஜிட்டல் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தது, 2002-ல் எச்.பி. அந்த நிறுவனத்தை வாங்கியது. அதில் மை முதலில் ‘பிளாங்கெட்’ என்ற சூடான இடைப்பரப்புக்கு மாறும். எண்ணெய் ஆவியாக, மையிலுள்ள பிசின் உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆவியையும் பிடித்துக் குளிரவைத்துவிடுகிறார்கள். போட்டோ ஆல்பமும் லேபிளும் இன்று இப்படி நிறையவே அச்சாகின்றன.

கேள்வி: வீட்டில் செய்து பார்க்கலாமா?

பதில்: உயர் மின்னழுத்தம், தீப்பற்றும் எண்ணெய், இருட்டறை. மூன்றையும் ஒரே அறையில் வைக்க வீட்டம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.