எந்த பிளாக் ஐட் பீஸ்?

பிளாக் ஐட் பீஸ் பாட்டுப் பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “எந்த பிளாக் ஐட் பீஸ்?” என்று திருப்பிக் கேட்பார். அந்த நொடியிலேயே செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். தயங்கினால் போச்சு. 1992இல் தொடங்கி வருஷவாரியாகக் கேட்டுத்தான் தீர வேண்டும்.

ஆள் லாஸ் ஏஞ்சலஸ்காரர். வேறு ஊரில் பிறந்திருந்தாலும் மனசளவில் அங்கேதான் குடியிருக்கிறார், அதுவும் தொண்ணூறுகளின் கடைசியில். வயது ஐம்பதைத் தொடப் போகிறது. அலமாரியின் அடித்தட்டில் அந்தக் காலத்து டீ-ஷர்ட் ஒன்று மடித்துக் கிடக்கிறது. போடவும் முடிவதில்லை, கழிக்கவும் மனம் வருவதில்லை. ஊரெல்லாம் காலத்தைக் கி.மு., கி.பி. என்று பிரித்தால் இவர் பெ.மு., பெ.பி. என்று பிரிப்பார். ‘பெ’ என்பது பெர்கி. 2002இல் குழுவில் வந்து சேர்ந்த பாடகி. அவருக்கு முந்தையது ஹிப்ஹாப். பிந்தையதற்கு இவர் பெயர் வைக்கவில்லை. உதட்டைப் பிதுக்குவதோடு சரி.

பெ.மு. காலத்துக்குத் தலபுராணம் உண்டு. வில்.ஐ.ஆமும், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஆப்பிள்.டி.ஆப்பும் லாஸ் ஏஞ்சலஸில் பிரேக் டான்ஸ் ஆடித் திரிந்த பையன்கள். 1992இல் ஈஸி-ஈ அவர்களைத் தம் ரூத்லெஸ் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். துப்பாக்கியும் தெருச்சண்டையுமாகப் பாடிக் கலிபோர்னியாவையே கலக்கிய என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஈஸி-ஈ, இப்படிச் சமாதானமாகத் துள்ளிக் குதிக்கும் பிள்ளைகளிடம் என்னத்தைக் கண்டாரோ தெரியாது. ஆட்பன் கிளான் என்ற பெயரில் ‘கிராஸ் ரூட்ஸ்’ ஆல்பம் தயாரானது. வெளிவரவில்லை. 1995இல் ஈஸி-ஈ எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார். பையன்கள் அங்கிருந்து வெளியேறி, டபூவையும் சேர்த்துக்கொண்டு பிளாக் ஐட் பீஸ் ஆனார்கள்.

குழுவின் ஆல்பங்களில் உயர்ந்தது எது என்று பெ.மு. ரசிகரிடம் கேட்டால், கொஞ்சமும் கூசாமல் ‘கிராஸ் ரூட்ஸ்’ என்பார். வெளிவராத ஆல்பத்துக்கு ஈடாக எது வரும்? அதை யாரும் கடையில் வாங்கவில்லை. ரேடியோவில் போடவில்லை. தெரியாதவன் எவனும் அதைக் கேட்டுத் தலையாட்டவில்லை. கற்பு என்றால் அதுவல்லவா!

அதற்கு அடுத்த படியில் 1998இல் வந்த ‘பிஹைண்ட் த ஃபிரண்ட்’. மூன்றாவது படியில் 2000இல் வந்த ‘பிரிட்ஜிங் த கேப்’. இரண்டுமே நல்ல ஆல்பங்கள். இதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. டி லா சோல், ஏ டிரைப் கால்டு குவெஸ்ட் குழுக்களின் வழியில் வந்த, ஜாஸ் வாசனை அடிக்கும், ஆட்டத்துக்கும் இடம் தரும் ராப். மேடையில் நிஜமான டிரம், நிஜமான பேஸ் கிட்டார், பாடுவதற்குக் கிம் ஹில் என்ற அருமையான பாடகி. இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு டி.ஜே. பிரீமியரே இசை அமைத்தார். அந்தப் பெயரை உச்சரிக்கும்போது பெ.மு. ரசிகர் காதைத் தொட்டுக்கொள்ளாத குறைதான்.

அந்தக் காலத்துக் கச்சேரி ஒன்றை அவர் நேரில் பார்த்திருக்கிறார். எவ்வளவு கூட்டம் என்பது மட்டும் நிலையாக இல்லை. முதலில் முந்நூறு பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழு கிராமி வாங்கியதும் அது நூற்றைம்பது ஆயிற்று. 2011இல் டெக்சஸில் நடந்த சூப்பர் பவுல் இடைவேளையில் குழு ஒளிரும் உடை போட்டுக்கொண்டு ஆடியதைப் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் டிவியில் பார்த்தார்கள். மறுநாள் அவர் கணக்கு நாற்பதுக்கு இறங்கிவிட்டது. இன்னும் ஓர் ஆல்பம் ஓடினால், அன்றைக்கு மேடையில் இருந்தவர்களைவிடக் கீழே நின்றவர்கள் குறைவு என்று ஆகிவிடும்.

2000இல் கிம் ஹில் விலகினார். பெர்கியைக் கூப்பிட்டது ‘ஷட் அப்’ என்ற பாட்டுக்காக. வந்தவர் இன்னும் சில பாட்டுகளையும் பாடி, அப்படியே தங்கிவிட்டார். 2003இல் ‘எலிஃபங்க்’ வந்தது. குழுவின் கதையே மாறியது. என்ன பாட்டு, யார் தயாரிப்பு, எந்த ரேடியோவைக் குறிவைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்த மூன்று ஆண்களை விட்டுவிட்டு, பெ.மு. ரசிகர் பழியைத் தூக்கிப் பெர்கி தலையில் வைத்தார். மகன் புத்தி மாறியதற்கெல்லாம் மருமகள் காலடி வைத்த நேரத்தைக் குறை சொல்லும் மாமியார் கலிபோர்னியாவிலும் இருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

அவரைத் திணறடிக்க வேண்டுமா? ‘வேர் இஸ் த லவ்’ பற்றிக் கேளுங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய பயத்தையும் வெறுப்பையும் போரையும் கேள்வி கேட்ட பாட்டு. ஹிப்ஹாப்பில் கருத்து வேண்டும், மனசாட்சி வேண்டும் என்று இவர் கேட்டாரே, அதெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் பல்லவி பாடுபவர் ஜஸ்டின் டிம்பர்லேக். போதாததற்கு அந்தப் பாட்டு பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்து, 2003ஆம் ஆண்டில் அங்கே அதிகம் விற்ற சிங்கிள் ஆனது. கருத்தைப் பார்த்தால் பெ.மு., விற்பனையைப் பார்த்தால் பெ.பி. பல வருஷமாக யோசித்து ஒரு தீர்ப்புக்கு வந்திருக்கிறார்: “வரிகள் சரி. பாட்டுத்தான் தப்பு.”

2005இல் ‘மை ஹம்ப்ஸ்’ வந்தபோது இந்தக் குழப்பமே இல்லை. நிம்மதியாக வெறுத்தார். ஆனால் வெறுப்பிலும் ஒரு சிரத்தை வேண்டுமே. எந்தச் சொல் எத்தனை தரம் திரும்ப வருகிறது, எந்த இடத்தில் அர்த்தம் அறவே காணாமல் போகிறது என்று ஆதாரத்தோடு நிறுவ வேண்டும். அதற்காகத் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பாட்டை நேசித்தவர்கள் யாரும் இவ்வளவு தரம் கேட்டிருக்க மாட்டார்கள். பெர்கியின் காப்புரிமைப் பணத்தில் பெ.மு. ரசிகர்களின் பங்கு கணிசமாக இருக்கும் என்பது என் சந்தேகம். 2007இல் அலானிஸ் மோரிசெட் அதே பாட்டைப் பியானோவோடு சோகமாக இழுத்துப் பாடிக் கேலி செய்தபோது இவர் வீட்டில் தீபாவளி. அதே ஆண்டு அந்தப் பாட்டுக்குக் கிராமி கிடைத்ததைப் பற்றிப் பேச்செடுத்தால், ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

அவரது வாழ்க்கையில் உண்மையான ஏழரைச் சனி 2009. ஏழரை வருஷம் இல்லை, அரை வருஷம். ஆனால் முழு வீச்சு. ஏப்ரலில் ‘பூம் பூம் பவ்’ அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் ஏறி 12 வாரம் இறங்கவில்லை. அதை இறக்கியது யார் என்றால் அதே குழுவின் ‘ஐ காட்டா ஃபீலிங்’. அது 14 வாரம். ஆக, இடைவெளி இல்லாமல் 26 வாரம். அதற்கு முந்தைய சாதனை 2004இல் அஷர் வைத்திருந்த 19 வாரம். பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து படுத்தால் மேலே ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு. வாயில் கருவி இருப்பதால் ஆட்சேபிக்கவும் வழியில்லை. சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கும்போது அந்தப் பாட்டு. வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டு. கல்யாண வீட்டில் கேட்கவே வேண்டாம். செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சிக்காகச் சிகாகோ மிச்சிகன் அவென்யூவை அடைத்துக்கொண்டு சுமார் 20,000 பேர் அந்தப் பாட்டுக்கு ஒரே மாதிரி கையையும் காலையும் ஆட்டினார்கள். பாட்டின் தயாரிப்பாளர் டேவிட் கெட்டா, பிரெஞ்சுக்கார டி.ஜே. ராப் எங்கே என்று பெ.மு. ரசிகர் தேடினார். ஆட்டோ-ட்யூனுக்கு அடியில் எங்கோ இருக்கலாம் என்று பதில் வந்தது.

பதில் சொன்னவர் பெ.பி. ரசிகர். அவரையும் பார்த்துவிடுவோம், நீளமாகப் பார்க்க ஒன்றும் இல்லை. முப்பதைத் தாண்டியவர், சந்தோஷமானவர். பாட்டு எதற்கு என்றால் ஆடத்தான். மூத்தவர் அரைமணி நேரம் பேசிக் களைத்த பிறகு, “எலிஃபங்க்குக்கு முன்னாலேயும் இவர்கள் பாடிக்கொண்டிருந்தார்களா?” என்று வெள்ளந்தியாக ஒரு கேள்வி கேட்பார். மூத்தவருக்கு ரத்த அழுத்த மாத்திரை ஞாபகம் வரும். ஆனால் இளையவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை அவரே அறியவில்லை என்பதால் நான் சொல்கிறேன். வில்.ஐ.ஆமும் ஆப்பிள்.டி.ஆப்பும் மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் ஆடியவர்கள். ஆட்டத்தில் தொடங்கியவர்கள் ஆட்டத்துக்கே திரும்பினால் அதைத் துரோகம் என்று எப்படிச் சொல்வது? இதை மூத்தவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “பிரேக் டான்ஸ் வேறு, கல்யாண வீட்டு டான்ஸ் வேறு” என்றார். அதுவும் வாஸ்தவம்தான்.

இந்தச் சண்டை நடக்கும் இடத்துக்கு மூன்றாவதாக ஒருவர் வருவார். நம்மவர். கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை, கையில் சாப்பாட்டு டப்பா. ஹிப்ஹாப் என்றால் அவருக்குக் ‘காதலன்’ படத்துப் பேட்டை ராப்பைத் தாண்டி எதுவும் தெரியாது. பெ.மு., பெ.பி. இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பையனிடம், “தம்பி, இவங்ககிட்ட அந்த விஷயத்தைச் சொன்னியா? அதுல நம்ம ராஜா சார் பாட்டு இருக்குப்பா” என்பார்.

இருக்கிறது. ‘எலிஃபங்க்’ ஆல்பத்தின் கடைசியில் ‘தி எலிஃபங்க் தீம்’ என்று ஒன்று. அதற்குள் கேட்பது 1985இல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்தின் ‘உனக்கும் எனக்கும்’. இளையராஜா இசை. ரஜினிகாந்துக்கு நூறாவது படம். மந்திராலய மகானின் கதையிலிருந்து ஒரு துண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஹிப்ஹாப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால், அதைச் சுவாமிகளின் கணக்கில் எழுதுவதா வில்.ஐ.ஆம் கணக்கில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பெ.மு. ரசிகர் இங்கேதான் தர்மசங்கடத்தில் மாட்டுவார். பழைய இசைத்தட்டில் ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் ஒட்டுவதற்குச் சாம்பிள் என்று பெயர். அவர் மதத்தில் அது புனிதச் சடங்கு. எவ்வளவு அரிதான தட்டோ அவ்வளவு புண்ணியம். பழைய கடைகளில் தூசியில் முழங்காலிட்டு இசைத்தட்டு பொறுக்கும் தயாரிப்பாளர்களை அவர் அடியார்களாகவே கொண்டாடுவார். அந்த அளவுகோலில் பார்த்தால் தமிழ்ப் பக்திப் படத்துப் பாட்டைத் தேடிப் பிடித்தது பேரும் புகழும் பெற வேண்டிய காரியம். ஆனால் அது நடந்திருப்பது அவர் தள்ளி வைத்த ஆல்பத்தில். வேறு எந்த ஆல்பத்திலாவது இருந்திருக்கக் கூடாதா என்று அவர் முகம் ஏங்கும். போதாததற்கு 2005இல் ‘டோன்ட் ஃபங்க் வித் மை ஹார்ட்’ பாட்டில் ‘டான்’ படத்துக் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி வேறு. நம்மவர் விடமாட்டார். டப்பாவை மூடிக்கொண்டே, “எங்க ஊர்லயும் இப்படித்தான், எண்பதுகளோட ராஜா முடிஞ்சார்னு ஒரு கோஷ்டி இருக்கு. நான் அதுல செயலாளர்” என்று உபரித் தகவல் கொடுத்துவிட்டுப் போவார்.

பதினைந்து வருஷம் பெ.மு. ரசிகர் ஒரே கோரிக்கையை வைத்துக்கொண்டிருந்தார்: பழையபடி பாடுங்கள். 2018இல் அது நிறைவேறியது. பெர்கி விலகிவிட்டார். மூன்று பையன்களும், அதாவது நாற்பதைத் தாண்டிய மூன்று பையன்களும், ‘மாஸ்டர்ஸ் ஆஃப் த சன்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஜாஸ் திரும்பியது, டிரம் திரும்பியது, சமூகக் கருத்து திரும்பியது. நாஸ் வந்தார், ஸ்லிக் ரிக் வந்தார், டி லா சோலின் போஸ்ட்னியூஸ் வந்தார். 2016இல் மறைந்த ஃபைஃப் டாக்கின் குரல்கூட வந்தது. ஒரு பாட்டின் தலைப்பே ஹிப்ஹாப்புக்குத் திரும்பினோம் என்று அறிவித்தது. மனு கொடுத்தவருக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் கையெழுத்துப் போட்டு வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்த மாதிரி.

ஆல்பம் ஓடவில்லை. அடுத்த ஆண்டே குழு கொலம்பியப் பாடகர் ஜே பால்வினோடு சேர்ந்து ஸ்பானிஷ் கலந்து ‘ரிட்மோ’ பாடியது. அது பல நாடுகளில் ஓடியது. வில்.ஐ.ஆமுக்கு யார் மேலும் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. எந்தக் கடையில் வியாபாரம் நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது போலக் கடை விரித்த ஒரே தடவை அந்த 2018தான்; அதற்காகவே எனக்கு அவர் மேல் ஒரு தனி மரியாதை.

‘ரிட்மோ’ வந்த பிறகு களத்தில் ஒரு மாற்றம். இப்போது புலம்புவது பெ.பி. ரசிகர். “பெர்கி இருந்த காலம் மாதிரி வருமா? அது அல்லவா பிளாக் ஐட் பீஸ்! இது யாரோ” என்று ஒருநாள் வந்து நின்றார். மூத்தவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குழுவின் பக்கம் நின்று பேசினார்.

“அப்படிச் சொல்லிவிட முடியாது. 2018இல் அருமையான ஆல்பம் ஒன்று போட்டார்களே, கேட்டீர்களா?”

“இல்லையே. எப்படி இருக்கும்?”

“நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்” என்றார் மூத்தவர்.