சாலைச் சாயிப்பு

இடுக்கியிலிருந்து லாரி வந்து நின்றது. நாலு நீலச்சட்டைக்காரர்கள் தலையில் சும்மாடு சுற்றிக்கொண்டு சாக்கு இறக்கினார்கள். அண்ணாச்சி காதில் பென்சிலைச் செருகி, தராசுக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தார்.

"பெப்பா, ஃபிஃப்ட்டி! பெப்பா, ஹண்ட்ரட்!"

மிளகைத்தான் சொல்கிறார். பெப்பர் என்று வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டார். சொல்லின் கடைசியிலோ மெய்யெழுத்துக்கு முன்னாலோ நிற்கும் 'ர்' லண்டன் துரைமார் வாயில் ஒலிக்காது. ஆகவே திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்திலும் ஒலிக்கக்கூடாது. சீனி 'ஷுகா'. ஏலக்காய் 'காடமம்'. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும் செத்துப்போன 'ர்' எழுந்து வரும் என்பார். "நம்ம புணர்ச்சி விதி மாதிரின்னு வச்சுக்கோயேன் தம்பி." நன்னூலும் லண்டனும் கைகுலுக்கிக்கொண்ட இடம் உலகத்திலேயே இந்தத் தராசுக்கட்டைதான் என்று நினைக்கிறேன்.

லாரி டிரைவர் புது ஆள். எதிரே என் நாட்டு மருந்துக்கடைக்கு வந்து, சுக்கு வாங்குகிற சாக்கில் ரகசியமாகக் கேட்டான்: "சேட்டா, முதலாளிக்குப் பல்லு போயோ?"

பல்லெல்லாம் பத்திரமாக இருக்கிறது. போனது வேறு. வெள்ளைக்காரனுக்கு இந்த ஊரில் சாயிப்பு என்று பெயர். சாயிப்பைக் கண்டால் கவாத்து மறக்கும் என்று மலையாளத்தில் ஒரு சொல்லடை உண்டு. எங்கள் அண்ணாச்சிக்குச் சாயிப்பைக் காணவே வேண்டாம், குரல் கேட்டால் போதும், கணக்கு மறந்துவிடும். அதனால் அவர் சாலைச் சாயிப்பு.

ஆள் பார்வைக்கு அப்படி இருக்கமாட்டார். எட்டு முழ வேட்டி, நெற்றியில் பழவங்ஙாடிப் பிள்ளையார் கோயில் சந்தனம், தோளில் மிளகுத்தூசி படிந்த துண்டு. மாலை நாலு மணிக்குக் கண்ணாடிக் கிளாஸில் கட்டன்சாயா வரும். அதை 'இங்கிலீஷ் டீ' என்று சொல்லி, சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு குடிப்பார். இங்கிலீஷ்காரன் பால் விட்டல்லவா குடிக்கிறான் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "அது அவன் தப்பு" என்றார்.

இந்த நோய் அவருக்குத் தொற்றியது 1983-இல், ஆக்டபுஸி என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில். பிரீடிகிரி முடித்துவிட்டு அப்பாவின் கல்லாவில் உட்காரத் தொடங்கியிருந்த காலம். படத்தில் ரோஜர் மூர் உதய்பூரில் வந்திறங்குகிறார். அவருக்குத் துணையாக நம் சென்னைப் பையன் விஜய் அமிர்தராஜ். பாதிப் படத்தில் விஜயைக் கொன்றுவிடுகிறார்கள். தியேட்டரில் எல்லாரும் அதற்கு வருந்தியபோது அண்ணாச்சி மட்டும் ரோஜர் மூரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "குண்டு வெடிக்குது, கட்டடம் சரியுது, அந்த மனுஷன் குரல் ஒரு அரைக்கால் கூட ஏறல தம்பி. நம்ம ஆளு கொசு கடிச்சாலே ஏழு தெருவுக்குக் கேக்கக் கத்துவான்."

பிறகு கேபிள் வந்தது, பிறகு போன் வந்தது. இப்போது கல்லாப்பெட்டியின் மேல் மஞ்சள்பொடி டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து ஷெர்லாக், டௌன்டன் அபி, தி கிரவுன். பேரேட்டுக்கும் திரைக்குமாகக் கண் போய்வரும். வில்லன்தான் அவருக்கு உசத்தி. லயன் கிங்கில் அண்ணனைக் கொல்கிற சிங்கத்துக்கு ஜெரமி அயன்ஸ் குரல். டை ஹார்டில் ஜெர்மன்காரனாக வந்தும் ஆலன் ரிக்மன் ஆங்கிலேயக் குரலில்தான் பயமுறுத்துகிறார். அமெரிக்கப் படக்காரனுக்கு அரசனும் அயோக்கியனும் வேண்டுமென்றால் லண்டனுக்குத்தான் ஆளனுப்ப வேண்டியிருக்கிறது என்பது அண்ணாச்சியின் கண்டுபிடிப்பு. "கெட்டவனா இருந்தாலும் இலக்கணமா கெட்டவனா இருக்கான் பாரு."

அந்தக் குரலில் ஒருமுறை பாக்கி வசூலித்தார். நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் மூன்று மாதக் கடன். அண்ணாச்சி போனை எடுத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு, ரிக்மன் பாணியில் ஆங்கிலத்தில் எச்சரித்தார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அண்ணாச்சிக்குத் தொண்டை சரியில்ல போலிருக்கு. ரெஸ்ட் எடுங்க, அடுத்த மாசம் பேசலாம்" என்று போன் வைக்கப்பட்டது. அடுத்த மாசமும் பணம் வரவில்லை. திப்பிலி ரசாயனம் ஒரு குப்பி வந்தது.

தமிழ்ப் படங்களில் வெள்ளைக்காரன் வந்தால் மட்டும் எரிந்து விழுவார். 1959-இல் கட்டபொம்மனோடு மோதிய ஜாக்சன் துரை சி.ஆர். பார்த்திபன். அன்றிலிருந்து நம் துரைமார்களெல்லாம் தமிழைக் கடித்துத் துப்புகிறவர்கள்தான். "அவன் பேசின இங்கிலீஷை நாம கேக்கவே இல்ல. அவனுக்கு வராத தமிழை வச்சுச் சிரிச்சுட்டு வந்துட்டோம்." நியாயமான பேச்சு. ஆனால் அங்கேயும் அதே கதைதான் என்று நான் எடுத்துக்கொடுத்தேன். 1977-இல் லண்டன் டிவியில் தொடங்கிய மைண்ட் யுவர் லாங்வேஜில் சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்து, தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் ஊரைச் சிரிக்கவைத்தவர் ஆல்பர்ட் மோசஸ். இலங்கை கம்பளையில் பிறந்தவர். அண்ணாச்சி அதற்குப் பதில் சொல்லாமல் காடமத்தை முகர்ந்து பார்த்தார்.

சுமட்டுத் தொழிலாளிகளுக்கும் வகுப்பு நடக்கும். மைக்கேல் கெய்னின் குரல் லண்டன் கடைத்தெருக் குரல், அவருடைய அப்பா பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் சுமடு எடுத்தவர் என்று ஒரு நாள் விளக்கினார். சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டே ஒருவர் நின்று கேட்டார்: "அவிடெ நோக்குகூலி உண்டோ?" கேரளத்தில் 2018 மே தினத்தோடு ஒழிந்ததாக அரசு அறிவித்த விஷயம் அது, சும்மா பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி. அண்ணாச்சி சாக்கை எண்ணத் தொடங்கிவிட்டார்.

இவருடைய மாஸ்டர் கொள்கை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. மலையாளிகள் ஓபீஸ், டோக்டர், கோளேஜ், ஓட்டோ என்பார்கள். தமிழ்நாட்டில் ஆபீஸ், டாக்டர், காலேஜ், ஆட்டோ. சாலையில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கும் ஓட்டோதான் வாயில் வரும். "ஓபீஸ்தான் லண்டன். ஆபீஸ் அமெரிக்கா. யாழ்ப்பாணத்தான் டொக்டர்னு சொல்லுதான், நாம டோக்டர்னு சொல்லுதோம், ரெண்டு பேரும் பிரிட்டிஷ். தின்னவேலிக்காரன் மட்டும் யாருக்கும் சொல்லாம அமெரிக்கன் ஆயிட்டான்." இதில் பாதி உண்மை. மீதிப் பாதி கட்டன்சாயா.

இந்தக் கொள்கை பிறந்த இடம் வள்ளியூரில் ஒரு கல்யாண வீடு. நானும் போயிருந்தேன். பந்தி முடிந்து, "ஓட்டோ வந்தாச்சா?" என்று அண்ணாச்சி கேட்டார். மச்சினன் முறைக்காரர் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஓட்டோவா, ஓட்டையா அத்தான்? மலையாளத்தான் ஆகிட்டீங்களே" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. இவரும் சிரித்தார். மறுநாள் கடைதிறந்து உட்கார்ந்தால், விலை படியாத ஒரு மலையாளி வாடிக்கையாளர் போகிற போக்கில், "இந்தப் பாண்டிக்காரன்மாரு..." என்று முனகிவிட்டுப் போனார். அதற்கு அண்ணாச்சி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் கோரியாண்டருக்கு 'ர்' போயிற்று.

திருவனந்தபுரத்து மலையாளியும் தப்பவில்லை என்று நான் ஆறுதல் சொன்னேன். 2005-இல் ராஜமாணிக்யத்தில் மம்மூட்டி இந்த ஊர்ப் பேச்சைப் பேசினார். கேரளமே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சி கேட்டார்: "ரோஜர் மூரைக் கண்டு எவனாவது சிரிச்சானா?"

நானும் விடவில்லை. 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூருக்குத் திவானாக இருந்த கர்னல் மன்றோ ஸ்காட்லாந்துக்காரர். அவர் நாட்டில் 'ர்' சக்கரம்போல் உருளும். சினிமாவின் முதல் பாண்ட் ஷான் கானரியும் அந்த நாட்டவர்தான் என்றேன். அண்ணாச்சி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "மன்றோவை டிவியில காட்டலியே" என்று வழக்கை முடித்தார்.

எங்கள் எம்.பி. சசி தரூர் லண்டனில் பிறந்தவர். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியனில் நின்று, அடிமைப்படுத்தியதற்கு ஈடு கொடு என்று வெள்ளைக்காரனிடம் வெள்ளைக்காரன் பாஷையிலேயே கேட்டாரே, அந்தப் பேச்சு அண்ணாச்சிக்குச் சஷ்டி கவசம் மாதிரி. கடை திறந்ததும் ஒருமுறை ஓடும். ஆனால் தேர்தல் வந்தால் அவரும் மலையாளத்தில்தானே ஓட்டுக் கேட்கிறார்! அண்ணாச்சிக்கு அதில் தீராத மனத்தாங்கல்.

ஆ. மாதவன் இருந்திருந்தால் இவரை ஒரு கதையில் உட்காரவைத்திருப்பார். இதே சாலையில் கடை நடத்திக்கொண்டு 'கடைத்தெருக் கதைகள்' எழுதியவர். அவருடைய ஆட்கள் பெரும்பாலும் பசிக்கிறவர்கள். பசியில்லாத இப்படி ஒரு கிறுக்கும் அவர் கண்ணில் பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓணம் லீவுக்குப் பெங்களூரிலிருந்து பேத்தி வந்தாள். நாலு வயசு. பேச்சு வந்த நாளிலிருந்து பெப்பா பிக் என்கிற அந்த ஆங்கிலேயப் பன்னிக்குட்டிக் கார்ட்டூனைப் பார்த்தே வளர்ந்தவள். அண்ணாச்சி நாற்பது வருஷம் தொண்டையைக் கசக்கியும் வராத உச்சரிப்பு, அவளுக்குப் பால்பல்லோடு முளைத்திருந்தது. 'வோட்டா' என்று அவள் தண்ணீர் கேட்டால் தாத்தாவுக்குக் கண் கலங்கும். சாலை முழுக்கத் தூக்கிக்கொண்டு போய்க் கடைகடையாக 'வோட்டா' சொல்லவைத்தார்.

அன்றைக்கு லோடு வந்தது. கல்லாவில் உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தவள் காதில் விழுந்தது: "பெப்பா, ஃபிஃப்ட்டி! பெப்பா, ஹண்ட்ரட்!" சாக்குகளைப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள். அந்நேரம் பார்த்து நெடுமங்காட்டிலிருந்து போன். அண்ணாச்சி தோரணையாகக் கேட்டார்: "பிளாக் பெப்பா? ஹோல், ஓ பவுடா?"

மிட்டாய் கீழே விழுந்தது. அப்படி ஒரு அலறலைச் சாலை கேட்டதில்லை. "டோன்ட் பவுடா பெப்பா! தாத்தா, டோன்ட்!" துணிக்கடைக்காரர் ஓடிவந்தார். சாயாக்காரர் கிளாஸோடு வந்தார். நான் மருந்தை விட்டுவிட்டு ஓடினேன். குழந்தை சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கடைசியில் நீலச்சட்டைக்காரர் ஒருவர்தான் கொக்கியால் சாக்கின் வாயைப் பிரித்து, ஒரு கை அள்ளி அவள் முன்னால் நீட்டினார். கறுப்புக் கறுப்பாகச் சுருங்கிய மணிகள். அவள் விம்மிக்கொண்டே அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"இது நல்லமொளகு மக்களே" என்றார் அண்ணாச்சி. "வெறும் நல்லமொளகு. ரசத்துல போடுவாளே ஆச்சி, அது."

அடுத்த வாரமும் அதே டிரைவர் லாரி கொண்டுவந்தான். "நல்லமொளகு, ஐம்பது! நல்லமொளகு, நூறு!" என்று சத்தம் கேட்டது. அவன் சுக்கு வாங்க என் கடைக்கு வந்தான்.

"சேட்டா, முதலாளி பல்லு வெச்சோ?"