செம்புக்குச் சட்டை போட்ட கதை

காந்தச் சுருள் செய்வதில் கஷ்டமானது கணக்குதான், டேப் சுற்றுவது வெறும் கைவேலை என்று நினைத்திருந்தேன். கணக்கை நானே போட்டேன். அதுவும் தப்பாயிற்று.

மாதிரிக் காந்தம்தான். நடுவே தண்ணீர் ஓடத் துளையுள்ள 8 மி.மீ. சதுரச் செம்புக் கம்பி. அடுக்குக்கு 20 சுற்று, மொத்தம் 12 அடுக்கு. கம்பி மேல் 0.1 மி.மீ. கண்ணாடியிழை டேப்பைப் பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்ற வேண்டும் என்று வரைபடத்தில் எழுதியவனும் நான்தான். அப்படிச் சுற்றினால் எங்கு தொட்டாலும் இரண்டு மடிப்பு; கம்பி 0.4 மி.மீ. பருக்கும், 12 அடுக்குக்கு 4.8 மி.மீ. நானோ ஒரு மடிப்புக்குக் கணக்குப் போட்டு, 2.4 வரும், தாராளமாக இருக்கட்டும் என்று 3 மி.மீ. விட்டிருந்தேன். போதாததற்கு, சதுரக் கம்பியை வளைத்தால் மூலையில் உள்பக்கம் பிதுங்கும். இதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறேன்!

சுருள் இரும்புச் சட்டத்துக்குள் போக மறுத்தது. பட்டறையில் கொடுத்து இரும்பைச் சீவிக்கொண்டு வந்தோம். கோப்பில் ‘வடிவமைப்பு மேம்பாடு’ என்று எழுதினேன்.

சுற்றித் தந்தவர் கோவையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். ஆரம்பத்திலேயே சொன்னார்: “சார், டேப் போடறதுக்கு முந்தி கம்பிய ஒருக்கா துணி வச்சு உருவிப் பாத்துக்கலாங்க. துணி மாட்டுச்சுன்னா அங்க பிசிறு இருக்குதுன்னு அர்த்தம்.”

“புதுக் கம்பிங்கண்ணா, சுத்தமாத்தான் இருக்கும்” என்றேன், அதை விற்றவன் மாதிரி.

கம்பிக்குச் சட்டை போடுவது பழைய வித்தை. 1820களில் இங்கிலாந்தில் மின்காந்தம் செய்த வில்லியம் ஸ்டர்ஜன் இரும்புக்கு வார்னிஷ் பூசி, வெற்றுக் கம்பியை ஒன்றோடொன்று தொடாமல் இடம் விட்டுச் சுற்றினார். அமெரிக்காவின் ஆல்பனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி கம்பிக்கே பட்டு சுற்றினார். அதனால் சுற்று மேல் சுற்றாக நெருக்கி ஏற்ற முடிந்தது. 1831-ல் யேல் கல்லூரிக்கு அவர் செய்த காந்தம் 2,000 பவுண்டுக்கு மேல் தூக்கியது. மின்காப்பைச் சோதிக்கும் மெகர் அந்தப் பள்ளி ஆசிரியரிடம் இல்லை.

என்னிடம் இருந்தது. சுருளுக்கும் இரும்புக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்தேன். முள் கடைசிக் கோட்டுக்குப் போய் நின்றது. லட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சோதனை சுருளுக்கும் இரும்புக்கும்தான், சுற்றுக்கும் சுற்றுக்கும் இல்லை என்ற எண்ணம் லட்டைத் தாண்டி வரவில்லை. மின்தடை கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. ‘ஏசி அறை, அதனால்’ என்று எழுதினேன். 240 சுற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் தடை 0.4 சதவீதம் குறையும். ஒரு டிகிரி குளிர்ந்தாலும் செம்பில் ஏறக்குறைய அதே அளவுதான். எனக்குப் பிடித்த காரணத்தை எடுத்துக்கொண்டேன்.

எபாக்ஸி ஊற்றி, அடுப்பில் வேகவைத்து இறக்கிய பிறகு, பதிவுக்கு இருக்கட்டுமே என்று இண்டக்டன்ஸ் அளந்தேன். படு குறைவு; சுற்றுக்கும் சுற்றுக்கும் ஷார்ட் என்று அர்த்தம். உள்ளே ஏதோ ஒரு பிசிறு டேப்பைக் குத்தி, பக்கத்துச் சுற்றைத் தொட்டிருக்கிறது. வைண்டிங் அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காயலான் கடைக்காரர் சுருளைத் தட்டிப் பார்த்தார். “மேல இருக்கறத உரிச்சுக் கொண்டாங்க, செம்பு வெல தர்றேன்” என்றார். உளியும் சுத்தியலும் வைத்து அடித்தோம். வெற்றிடத்தில் ஊறவைத்த எபாக்ஸி, இழைக்கு இழை இறங்கிக் கல்லாகியிருந்தது; ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. அந்த ஒரு வேலையை மட்டும் பிசகில்லாமல் செய்திருந்தேன்.