மூன்றேகாலும் பத்தொன்பதும்: பழைய புல்லட்டுக்கு டயர் தேர்தல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

பின் டயர் மொட்டையாகிவிட்டது.

ஆய்வின் தேவை

தமிழில் சக்கரம் பற்றிய ஆய்வுக்குக் குறைவில்லை. அறச்சக்கரம், ஆணைச்சக்கரம், காலச்சக்கரம் என்று எல்லாவற்றுக்கும் முனைவர்கள் உண்டு. சக்கரத்துக்கு மேல் மாட்டும் ரப்பரை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை. இந்தப் பெருங்குறையை இக்கட்டுரை நிறைவு செய்கிறது. எந்த ஆய்வேடும் ஒரு பெருங்குறையை நிறைவு செய்தே தீர வேண்டும். குறை இல்லாத துறையில் முதல் இயலிலேயே அதை உண்டாக்கிக்கொள்ளலாம்.

ஆய்வு எல்லை

வார்ப்பிரும்பு எஞ்சினும் வலது காலில் கியரும் உள்ள புல்லட் 350. இடது காலில் கியர் போடுவோர் வேறு கட்டுரை பார்க்கவும்.

ஆய்வுக் களம்

திருவொற்றியூர். 1956 முதல் புல்லட் தயாரான ஊர். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதும் இதே ஊர்தான். டயர் பிறகு வந்தது. பட்டினத்தார் சமாதியும் இங்கேதான் இருக்கிறது. நிலையாமை பாடியவர், தேய்வதைச் செய்து விற்றவர், தேய்ப்பதற்கான வண்டியைச் செய்தவர் ஆகிய மூவருக்கும் ஒரே கடற்கரை வாய்த்தது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. (வாய்ப்பு இருக்கிறது. அப்படி எழுதினால் கட்டுரையை ஏற்க மாட்டார்கள்.)

முன்னாய்வு மீள்பார்வை

காற்றடைத்த டயருக்கு 1845-லேயே காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். யாரும் கவனிக்கவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்துக் காப்புரிமையும் பெற்றார். தாம்சன் முந்திவிட்டார் என்பது பிறகு தெரியவரவே, டன்லப்பின் உரிமை செல்லாமல் போயிற்று. புகழ் மட்டும் டன்லப்பிடமே தங்கிவிட்டது. முன்னாய்வுகளை வாசிக்காமல் ஆய்வேடு எழுதும் மரபுக்கு இதைவிட மூத்த சான்று கிடைக்கவில்லை.

சார்லஸ் குட்இயர் 1839-ல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். கடனாளியாகவே 1860-ல் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் தொடங்கியது 1898-ல். அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. கட்டுரையைக் கண்ணால் பாராதவர் பெயரை அதன் முகப்பில் போடும் இந்த வழக்கம் இன்றும் நம் பல்கலைக்கழகங்களில் செழிப்பாக இருக்கிறது. அவரை வழிகாட்டி என்பார்கள்.

மூலபாடம்

டயரின் பக்கச்சுவரே நமது மூலபாடம். எழுத்து வட்டமாக ஓடுவதால் முதல் வரி எது, கடைசி வரி எது என்று சொல்ல முடியாது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, குத்தவைத்து உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டிப் படிக்க வேண்டும். பத்துப்பாட்டில் எங்கோ கிடந்த அடியை வேறெங்கோ கிடந்த அடியோடு மாட்டிப் பொருள் சொன்ன நச்சினார்க்கினியரிடம் ஒரு டயரைக் கொடுத்திருந்தால், மனிதர் கீழே வைத்திருக்க மாட்டார்.

முதலில் கண்ணில் படுவது 3.25-19. அகலம் மூன்றேகால் அங்குலம், ரிம் பத்தொன்பது அங்குலம். முன்னும் பின்னும் ஒரே அளவு. பழைய புல்லட்டின் பெருந்தன்மை அது. உயரம் எவ்வளவு என்று பழைய முறையில் எழுதுவதில்லை, ஏறக்குறைய அகலத்தின் அளவே என்று வைத்துக்கொள்வார்கள். புதிய முறையில் இதற்குப் பக்கத்தில் வருவது 90/90-19: அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அதில் தொண்ணூறு விழுக்காடு, அதாவது 81 மில்லிமீட்டர், கடைசியில் மறுபடியும் அங்குலம். ஒரே சூத்திரத்தில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் வருவதால் இது மூன்று ஆசிரியர்கள் எழுதியது என்றும், கடைசி 19 மட்டுமே பழைய பகுதி, மற்றவை இடைச்செருகல் என்றும் நிறுவலாம். நிறுவுவதற்கு இரண்டு ஆண்டும் ஓர் உதவித்தொகையும் தேவை.

அடுத்து எடைக் குறியீடு. 54 என்றால் அந்த டயர் 212 கிலோ தாங்கும். 57 என்றால் 230. அதையொட்டி வேகத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கில நெடுங்கணக்கின் வரிசைப்படி பி-க்கு மணிக்கு 150 கிலோமீட்டர், எஸ்-க்கு 180, டி-க்கு 190, யூ-வுக்கு 200 என்று ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும். திடீரென்று 210-க்கு எச் வந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் வி, 240. நெடுங்கணக்கில் எங்கோ முன்னால் இருக்க வேண்டிய எச், யூ-வுக்கும் வி-க்கும் நடுவில் எப்படி நுழைந்தது? ஏடு பெயர்த்து எழுதியவர் கண் அயர்ந்துவிட்டார் என்பது ஒரு சாரார் கருத்து (ஜி.பி. ரோடு டயர்க்கடை ரசீது, பின்பக்கம், பென்சில் குறிப்பு). புல்லட் அந்த எழுத்து வரைக்கும் போகவே போகாது என்பதால் இந்தச் சிக்கலை வேகமான வண்டி வைத்திருக்கும் அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

கால ஆராய்ச்சி

பக்கச்சுவரில் சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தீர்ந்தது.

நம் அறிஞர் பெருமக்களை மிகவும் சங்கடப்படுத்தக்கூடிய ஏற்பாடு இது. தொல்காப்பியருக்கும் ஓலையின் ஓரத்தில் இப்படி நான்கு இலக்கம் கீற வேண்டும் என்று தோன்றியிருந்தால், அவரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் பணி ஓய்வுவரை தாக்குப்பிடித்திருப்பார்கள்? 2000-க்கு முன்பு செய்த டயர்களில் மூன்றே இலக்கம்தான். வாரம் தெரியும், ஆண்டின் கடைசி எண் தெரியும், எந்தப் பத்தாண்டு என்பது அவரவர் ஊகம். தமிழ்த்துறைகளுக்குப் பொருத்தமான டயர் அதுதான். வண்டிக்குப் பொருந்தாது. ஓடாமல் கடை அலமாரியில் கிடந்தாலும் ரப்பர் இறுகும், பக்கச்சுவரில் மயிரிழையாக வெடிப்பு விடும். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டு ஆனதை, பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும், கழற்றிப் போட வேண்டும்.

பட்டன்

முன்னால் கோடு கோடாக ஓடும் ரிப், பின்னால் கட்டம் கட்டமான பட்டன். முன் சக்கரம் நேராகப் போக, பின் சக்கரம் தள்ள. மத்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வண்டிக்குக் கேட்பது குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம். மழைக்காலத்தில் வெளியே போகிறவர்கள் விதியை மட்டும் நம்பினால் போதாது.

ரப்பர் முடி: ஒரு சிறப்பாய்வு

புது டயரின் மேல் குட்டிக் குட்டியாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். பச்சை ரப்பரை அச்சுக்குள் வைத்து அழுத்திச் சூடேற்றும்போது, சிக்கிக்கொண்ட காற்று வெளியேறுவதற்காக அச்சில் ஊசித்துளைகள் விட்டிருப்பார்கள். காற்றின் பின்னாலேயே கொஞ்சம் ரப்பரும் துளைக்குள் போய் வெந்துவிடும். அதுதான் முடி. விஷயம் இவ்வளவே. ஆனால் மூன்று வரியில் முடிகிற விஷயத்தை மூன்று வரியில் முடிப்பவருக்குப் பட்டம் தரும் வழக்கம் இல்லையாதலால், மேலே செல்வோம்.

இம்முடி குறித்து மூன்று மரபுகள் உள்ளன. முதலாவது பறிப்போர். கடை வாசலில் காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போடுவார்கள். பறித்தால்தான் ரோட்டைப் பிடிக்கும் என்பது இவர்கள் கொள்கை (டீக்கடைப் பெஞ்சு, கிழக்குக் கால், காலை அமர்வு). இரண்டாவது பறியாதார். முடி இருக்கும்வரைதானே டயர் மாற்றியது நாலு பேருக்குத் தெரியும் என்பார்கள் (மேற்படி பெஞ்சு, மேற்குக் கால், மாலை அமர்வு; சொன்னவர் வாயில் வடை இருந்ததால் மூன்று சொற்கள் தெளிவில்லை). மூன்றாவது உதிர்வார். ஓட ஓட நடுவில் இருப்பது தானே போய்விடும், ஓரத்தில் இருப்பது ஓட்டுகிறவரைப் பொறுத்தது என்பது இவர்கள் நிலைப்பாடு (பஞ்சர்க்கடைத் தென்சுவர், ‘கடன் அன்பை முறிக்கும்’ என்னும் வரிக்குக் கீழே, கரி எழுத்து; பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் பிற்பகுதி சிதைந்தது).

உதிர்வார் கொள்கைக்குச் சமூகவியல் பயனும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே நேராக ஓடிய டயருக்கு நடு தட்டையாகிவிடும், ஓரம் அப்படியே இருக்கும். வளைவில் வண்டியைச் சாய்க்கிறவருக்கே ஓரம் தேயும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் புல்லட்டில் அனாயாசமாக ஏறி இறங்கியதாகச் சொல்பவரின் டயர் ஓரத்தில் முடி சிலுப்பிக்கொண்டு நின்றால், அவர் அந்த மலைக்கு ஜீப்பில் போயிருக்கிறார் என்று துணியலாம்.

பழந்தமிழர் இதனை அறிந்திருந்தனரா? அறிந்திருந்தனர். பெயர் உட்பட மறைந்துபோன நூல் ஒன்றின் கிடைக்காத இயலில், சிதைந்த சூத்திரத்துக்கு எழுதப்படாத உரை இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ இதைக் குறிப்பிடவில்லை என்பதிலிருந்தே எவ்வளவு முற்றாக மறைந்த நூல் என்பது விளங்கும். அதன் ஒற்றைத் தாள் புதுப்பேட்டையில் ஒரு பழைய கார்பரேட்டரைச் சுற்றியிருந்ததை ஒருவர் பார்த்ததாக மற்றொருவர் சொன்னதை, கடைக்காரர் மறுத்திருக்கிறார். இல்லாத நூலை யாராவது மறுப்பார்களா?

ஒன்றை மட்டும் கிண்டல் இல்லாமல் சொல்லிவிடலாம். முடிக்கும் பிடிமானத்துக்கும் சம்பந்தம் இல்லை. வழுக்குவது புது ரப்பரின் வழவழப்பு. அச்சிலிருந்து ஒட்டாமல் எடுக்கத் தடவிய பூச்சின் மிச்சமும் அதில் இருக்கலாம். முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு வளைவிலும் பிரேக்கிலும் நிதானம் வேண்டும்.

தேர்வு முறையியல்

இதுவரை திரட்டிய அளவு, எடை, வேகம், காலம், பட்டன், முடி ஆகிய ஆறு அலகுகளையும் அட்டவணையாக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, அதிக மதிப்பெண் பெறும் டயரைத் தேர்வதே இவ்வாய்வின் முறையியல். அட்டவணையோடு ஜி.பி. ரோட்டில் களப்பணி மேற்கொள்ளப்பட்டது. தகவலாளர் மாடிக்குப் பையனை அனுப்பிவிட்டு அளித்த நேர்காணல் முழுமையாகக் கீழே தரப்படுகிறது.

“இந்த சைஸ்லாம் இப்ப யாரு சார் கேக்குறாங்க? ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு. போடவா, வேணாமா?”

இத்துடன் தேர்வு முறையியல் நிறைவுற்றது.

போட்டவர் என் கண்ணெதிரே காட்டியது, படித்த எதையும்விடத் தெளிவாக இருந்தது. பழைய டியூபை எடுத்து ஓரமாக எறிந்தார். ஊதி ஊதி விரிந்துபோன டியூபைப் புது டயருக்குள் திணித்தால் மடிந்து பஞ்சராகும். கம்பிச் சக்கரம் என்பதால் டியூப் இல்லாமல் ஓட்டவும் வழியில்லை, கம்பித் துளை ஒவ்வொன்றிலும் காற்று கசியும். ரிம் டேப்பைப் புதிதாக இழுத்து மாட்டினார். டியூபுக்குப் பவுடர் தூவினார். பக்கச்சுவரில் இருந்த பொட்டு வால்வுக்கு நேராக வரும்படி டயரைத் திருப்பினார். டயரில் எடை குறைந்த இடம் அது, வால்வு கனம், இரண்டும் சரிக்குச் சரி. சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு லீவரால் ஓரத்தை உள்ளே தள்ளினார். காற்று ஏற ஏற ‘டப்’ என்று ஒரு சத்தம், சற்று நேரத்தில் இன்னொன்று. பிறகு ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே சீராகத் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். ஒரு மேற்கோளும் சொல்லவில்லை.

பன்னாட்டுக் கருத்தரங்க அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவுக் கட்டணம், கோப்பு, மதியம் சாம்பார் சாதம், மாலையில் சான்றிதழ் என்று இக்கட்டுரையாளருக்கு அழைப்பு அனுப்ப வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு டியூபும் ரிம் டேப்பும் வந்துவிடும்.